மைக்கோடு ஓடியவர்

நின்றுகொண்டே 29 வருடம் பேட்டி எடுத்தவர் ஃபில் டொனஹ்யூ. விருந்தாளிக்கு மேடையில் நாற்காலி உண்டு, அவருக்குத் தேவைப்படவில்லை. அடர்ந்த வெள்ளை முடி, பெரிய மூக்குக்கண்ணாடி, கையில் மைக் சகிதம் பார்வையாளர் வரிசைகளுக்கு நடுவே படியேறி, படியிறங்கி, சில சமயம் ஓடி, கேள்வி கேட்கத் துடிக்கும் ஒரு பெண்மணியின் வாயருகே மைக்கை நீட்டிவிட்டு மேடையைத் திரும்பிப் பார்ப்பார். இந்தக் காட்சியை உலகத்து டி.வி.க்கள் எல்லாம் காப்பியடித்துவிட்டதால், இதையும் யாரோ ஒருவர் முதலில் செய்திருக்க வேண்டும் என்பதே இன்று யாருக்கும் தோன்றுவதில்லை.

2024 மே மாதம் அமெரிக்காவின் உயரிய சிவிலியன் விருதான சுதந்திரப் பதக்கத்தை அதிபர் பைடன் கையால் பெற்றார். அதே ஆகஸ்ட் 18ல் தமது 88வது வயதில் காலமானார். டொனஹ்யூ இல்லாவிட்டால் தன் நிகழ்ச்சியே இருந்திருக்காது என்று ஓப்ரா வின்ஃப்ரே பலமுறை சொன்னதுண்டு. ஓப்ராவுக்கு முன்னோடி என்ற அடைமொழியே அவருக்கு நிலைத்துவிட்டது. சரிதான். ஆனால் இந்த மனிதரின் வாழ்க்கையில் எனக்குச் சுவாரசியமாகப்படுவது அவர் உச்சத்தில் இருந்த காலத்தைவிட, அவர் வேலை இழந்த இரண்டு சந்தர்ப்பங்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் குறைந்துவிட்டதால் போனார். இரண்டாம் தடவை பார்ப்பவர்கள் இருந்தும் அனுப்பப்பட்டார்.

ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்டில் 1935ல் பிறந்தவர். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். தந்தை ஃபர்னிச்சர் விற்பனையாளர். தாய் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் காலணிப் பிரிவில் வேலை பார்த்தவர். நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் 1957ல் பட்டம். பிறகு வானொலி அறிவிப்பாளர், நடுவில் கொஞ்ச காலம் வங்கியில் காசோலைகளைப் பிரித்து அடுக்கும் உத்தியோகம், அப்புறம் டேட்டன் என்ற நடுத்தர நகரத்தில் செய்தியாளர் வேலை. அங்கே வானொலியில் 'கான்வர்சேஷன் பீஸ்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நேயர்கள் டெலிபோனில் பேசலாம். பகலில் வீட்டிலிருந்து அழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் அரசியலும் மதமும் பேச ஆசைப்பட்டார்கள் என்பதை டொனஹ்யூ கவனித்துக்கொண்டார். பிறகு அதையும் விட்டுவிட்டு விற்பனைப் பிரதிநிதியாகச் சில மாதங்கள் அலைந்தார். 31 வயது, வீட்டில் பெரிய குடும்பம், ஒளிபரப்புத் துறையில் தேறவில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்ட நிலை.

அப்போதுதான் டேட்டனின் இன்னொரு டி.வி. நிலையம் கூப்பிட்டது. 1967 நவம்பர் 6 திங்கட்கிழமை 'ஃபில் டொனஹ்யூ ஷோ' ஆரம்பம். டேட்டனுக்கு எந்த சினிமா நட்சத்திரம் வரப்போகிறார்? இசைக்குழு வைக்கப் பணமில்லை. ஜோக் அடிக்கத் துணை நடிகர் இல்லை. ஆகவே ஒரு மணி நேரம், ஒரே விருந்தாளி, ஒரே விஷயம். பிற்பாடு புரட்சி என்று வர்ணிக்கப்பட்டதில் பாதி, பட்ஜெட் பற்றாக்குறை.

முதல் விருந்தாளி மாடலின் மர்ரே ஓஹேர். அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பைக் கட்டாயமாக்கக் கூடாது என்று வழக்குப் போட்டு, 1963ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குக் காரணமானவர்களில் ஒருவர். அன்றைய அமெரிக்காவில் மிகவும் வெறுக்கப்பட்ட பெண்மணி என்று பெயர் வாங்கிய நாத்திகர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த ஊருக்கு, திங்கட்கிழமை காலை கடவுள் இல்லை என்று சொல்லும் பெண்ணைக் காட்டினார்கள். அதே வாரத்தில் ஒரு நாள், ஆண் குறியோடு தயாரிக்கப்பட்ட ஒரு பொம்மையைக் காமிராவுக்கு முன் பிடித்து, இதைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று நேயர்களைப் போன் செய்து சொல்லச் சொன்னார். போன்கள் குவிந்ததில் நகரின் டெலிபோன் இணைப்பகம் திணறிப்போனது.

பார்வையாளரிடம் மைக் போனது தற்செயல். அந்த நேரத்தில் அதே ஸ்டுடியோவில் அதுவரை வேறொருவர் பாட்டும் பரிசுமாக ஒரு கலகலப்பான நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அவர் லாஸ் ஏஞ்சலீஸ் போய்விட்டார். ஆனால் அதற்கென்று முன்கூட்டியே டிக்கெட் வாங்கியிருந்த பெண்களைத் திருப்பி அனுப்ப முடியாது; அவர்களை அப்படியே உட்காரவைத்தார்கள். விளம்பர இடைவேளைகளில் இவர்கள் விருந்தாளியிடம் கேட்ட கேள்விகள், தான் கேட்டவற்றைவிட நன்றாக இருப்பதை டொனஹ்யூ பார்த்தார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நாற்காலியை விட்டு எழுந்து மைக்கோடு அவர்களிடம் ஓடினார். அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. தன்னைவிடப் பிறர் நன்றாகக் கேட்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ளும் பேட்டியாளரை நான் அதிகம் கண்டதில்லை.

அன்றைய பகல் நேர டி.வி. எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டு வளர்த்ததால்தான் தொடர்நாடகத்துக்கு அங்கே சோப் ஓபரா என்றே பெயர். மிச்ச நேரத்தில் சமையல், பரிசுப் போட்டி. வீட்டிலிருக்கும் பெண்ணின் தலைக்குள் சலவையும் அழுகையும் மட்டுமே இருக்கும் என்பது டி.வி. முதலாளிகளின் உறுதியான நம்பிக்கை. டொனஹ்யூ அவர்களுக்குக் கொடுத்தது கருக்கலைப்பு, வியட்நாம் யுத்தம், சிறைச்சாலைகள், நிறவெறி, ஓரினச் சேர்க்கை, கார் கம்பெனிகளின் அலட்சியம். நுகர்வோர் உரிமைக்காரர் ரால்ஃப் நேடரும் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனமும் திரும்பத் திரும்ப வந்தார்கள். எய்ட்ஸ் என்ற சொல்லை உச்சரிக்கவே மற்ற நிலையங்கள் தயங்கிய 1982ல், அந்த நோய் கண்ட ஒருவரையே மேடையில் அமர்த்தி, தொட்டால் ஒட்டுமா என்று நேயர்கள் நேரடியாகக் கேட்க வழி செய்தார். போனில் வருபவரிடம் 'லைனில் இருக்கிறீர்களா' என்று அவர் குரல் கொடுக்கும் தோரணையை நகல் செய்யாத மிமிக்ரி கலைஞர் அமெரிக்காவில் இல்லை.

ஊர்ப் பெண்களையெல்லாம் பேசவைத்தவரின் சொந்த வீட்டுக் கதை வேறு. 1979ல் வெளிவந்த சுயசரிதையில் அவரே அதை மறைக்கவில்லை: வேலை வேலை என்று திரிந்து, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் மனைவி தலையில் கட்டிய சராசரி ஆண்தான் தானும் என்கிறார். 1958ல் நடந்த திருமணம் 1975ல் முறிந்தது. ஐந்து குழந்தைகளில் நான்கு பையன்கள் அவரிடமே வளர்ந்தார்கள். விவாகரத்து பற்றியும் தனியே பிள்ளை வளர்ப்பது பற்றியும் அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளில் கொஞ்சம் கூடுதல் அடக்கம் தெரிந்ததென்றால் ஆச்சரியமில்லை. 1977ல் விருந்தாளியாக வந்த நடிகை மார்லோ தாமஸும் அவரும் காமிரா இருப்பதையே மறந்து வழிந்தது ஊரறிந்த சங்கதி. 1980ல் மணந்துகொண்டார்கள். அவர் சாகும்வரை நீடித்த மண வாழ்க்கை.

நிகழ்ச்சி 1974ல் சிகாகோவுக்குப் போனது. எழுபதுகளின் கடைசியில் நாடெங்கும் பார்க்கப்பட்டது. பத்து வருடம் அந்தக் கோட்டையில் போட்டியே இல்லை. 1984 ஜனவரியில் உள்ளூர்க் காலை நிகழ்ச்சி ஒன்றை நடத்த பால்டிமோரிலிருந்து ஒரு கறுப்பினப் பெண் வந்து சேர்ந்தார். சில வாரங்களில் சிகாகோவில் டொனஹ்யூவை முந்தினார். டொனஹ்யூ நியூயார்க்குக்கு ஜாகை மாற்றியது 1985 ஜனவரியில். மனைவியின் வேலை அங்கே இருந்தது என்பதும் உண்மை; சிகாகோவில் ஓப்ரா இருந்தார் என்பதும் உண்மை. 1986 செப்டம்பரில் ஓப்ரா நிகழ்ச்சியும் தேசமெங்கும் போனது.

இருவருக்கும் வித்தியாசம் உண்டு. டொனஹ்யூ வாதிடுவார், ஓப்ரா கையைப் பிடித்துக்கொள்வார். டொனஹ்யூவிடம் பேச உங்களுக்கு ஓர் அபிப்ராயம் இருந்தால் போதும். ஓப்ராவிடம் பேச ஒரு காயம் இருக்க வேண்டும். காயம் ஜெயித்தது. 1991க்குப் பிறகு ஸ்டார் டி.வி. வழியாக நம் கூடங்களுக்கு வந்து சேர்ந்ததும் ஓப்ராதான். ஆனால் நம்மவர்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் டொனஹ்யூ பாணியை என்று தோன்றுகிறது. தூர்தர்ஷனின் 'ரஜனி'யாக அநியாயங்களைத் தட்டிக்கேட்ட பிரியா டெண்டுல்கர், தொண்ணூறுகளில் ஜீ டி.வி.யில் தம் பெயரிலேயே நடத்திய நிகழ்ச்சியிலும், சன் டி.வி.யில் விசு நடத்திய 'அரட்டை அரங்க'த்திலும் மைக் பார்வையாளர் கைக்குத்தான் போனது. பட்டிமன்றம் பார்த்துப் பழகிய ஜனங்களுக்குக் கண்ணீரைவிட வாதம் சௌகரியமாக இருந்திருக்கலாம்.

நியூயார்க் வரவேற்பு விசித்திரமானது. அங்கே போன முதல் மாதத்தில் நேரடி ஒளிபரப்பின் நடுவே பார்வையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுந்தார்கள். ஸ்டுடியோவில் விளக்குகளின் சூடு தாங்கவில்லை போலும் என்று பயந்து, பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் நிகழ்ச்சியை நடத்தி முடித்தார் டொனஹ்யூ. ஆலன் ஏபெல் என்ற குறும்புக்காரர், தரம் கெட்ட டி.வி.யை எதிர்ப்பதற்காக ஆள் வைத்து விழச்செய்தது பிறகுதான் வெளிவந்தது.

அவர் செய்ததிலேயே பெரிய காரியம் என்று நான் நினைப்பது இதற்கு அடுத்த வருடங்களில் நடந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த 1985 டிசம்பரில் சியாட்டில் நகர ஜனங்களையும் லெனின்கிராட் ஜனங்களையும் செயற்கைக்கோள் வழியாக எதிரெதிரே உட்காரவைத்தார். இந்தப் பக்கம் மைக் டொனஹ்யூ கையில். அந்தப் பக்கம் விளாதிமிர் போஸ்னர் கையில். போஸ்னர் பாரிஸில் பிறந்து, பால்யத்தை நியூயார்க்கில் கழித்து, அமெரிக்கர் போலவே ஆங்கிலம் பேசிய சோவியத் ஊடகக்காரர். ஆப்கானிஸ்தான் பற்றி, யூதர்களை நாட்டை விட்டுப் போக விடாதது பற்றியெல்லாம் டொனஹ்யூ விடாமல் குடைந்தார். சோவியத் பார்வையாளர்களின் முகங்கள் இறுகின. 1986ல் பாஸ்டன் பெண்களும் லெனின்கிராட் பெண்களும் இதேபோல் பேசியபோது, எங்கள் டி.வி. விளம்பரங்கள் முழுக்க செக்ஸ்தான், உங்கள் நாட்டில் எப்படி என்று ஓர் அமெரிக்கப் பெண் கேட்டார். 'எங்களிடம் செக்ஸ் கிடையாது' என்று ஒரு ரஷ்யப் பெண்மணி ஆரம்பித்தார். எழுந்த சிரிப்பில் வாக்கியத்தின் மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை. டி.வி. விளம்பரத்தைப் பற்றித்தான் அவர் சொல்ல வந்தார் என்பது யாருக்கு வேண்டும்? ரஷ்ய மொழியில் இன்றுவரை அது ஒரு பழமொழி. சோவியத் அரசு தன் ஜனங்களுக்கு இதையெல்லாம் ஒளிபரப்பியது என்பது, கோர்பச்சேவ் ஆட்சியில் ஏதோ மாறுகிறது என்பதற்கு ஆரம்பகாலச் சாட்சிகளில் ஒன்று. டொனஹ்யூவும் போஸ்னரும் நண்பர்களாகி, 1991 முதல் 1994 வரை சேர்ந்தே ஒரு வாராந்திர நிகழ்ச்சி நடத்தினார்கள்.

இதே மனிதர்தான் 1988ல் பாவாடை கட்டிக்கொண்டு காமிரா முன் வந்தார். பெண்ணுடை தரிக்கும் ஆண்கள் பற்றிய நிகழ்ச்சி அது. லெனின்கிராடையும் பாவாடையையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பார்கள் அவருடைய அபிமானிகள். டொனஹ்யூ வைத்தார். ரேட்டிங்கில் செத்தவனால் யாருக்கும் எதையும் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. திங்கட்கிழமை பாவாடை காட்டினால்தான் செவ்வாய்க்கிழமை அணு ஆயுதம் பேசலாம். ஆனால் அவர் திறந்துவிட்ட கதவு வழியாக நுழைந்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று தேவைப்படவே இல்லை. ஹெரால்டோ ரிவேராவின் நிகழ்ச்சியில் 1988ல் நாற்காலி பறந்து அவர் மூக்கு உடைந்தது, ரேட்டிங் ஏறியது. 1991ல் ஜெர்ரி ஸ்பிரிங்கர் வந்தார். 1995 மார்ச்சில் ஜென்னி ஜோன்ஸ் நிகழ்ச்சிக்காக, தன்மேல் ரகசியக் காதல் கொண்டவர் யார் என்று அறிய வந்த ஓர் இளைஞனுக்கு, அது இன்னொரு ஆண் என்று பார்வையாளர் முன் காட்டினார்கள். மூன்று நாளில் அந்த இளைஞன் காதலைச் சொன்னவனைச் சுட்டுக் கொன்றான். அந்தப் பதிவு ஒளிபரப்பாகவே இல்லை.

டொனஹ்யூ இந்தக் கூட்டத்தைச் சாடியதில்லை. என் முறைதவறிப் பிறந்த பிள்ளைகள், எல்லோரையும் சமமாக நேசிக்கிறேன் என்ற பொருளில் சிரித்துக்கொண்டு சொல்வார். இது பெருந்தன்மையா, தப்பித்தலா என்பதில் எனக்குச் சந்தேகமுண்டு. அவருடைய கைகளும் சுத்தமில்லை. 1994ல் வடக்கு கரோலினாவில் ஒரு மரண தண்டனையைப் படம்பிடித்து ஒளிபரப்ப அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். கைதியே சம்மதித்திருந்தார். அரசு ஒரு மனிதனை மக்கள் பெயரால் கொல்கிறதென்றால் மக்கள் அதைப் பார்க்கட்டும் என்பது வாதம். வலுவான வாதம்தான். ஆனால் பாவாடை நிகழ்ச்சிக்கு நடுவே சோப்பு விளம்பரம் வருவதுபோல் இதற்கு நடுவிலும் வருமோ என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. கோர்ட் மறுத்துவிட்டது.

அவர் வளர்த்த பார்வையாளர்களே அவரைத் திருத்திய நாளும் உண்டு. 1992 ஏப்ரலில் அதிபர் வேட்பாளர் பில் கிளிண்டனை மேடையில் வைத்து, மண வாழ்க்கையில் துரோகம் செய்தீர்களா என்று விடாப்பிடியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல் மைக் ஓர் இளம்பெண்ணிடம் போனது. நாடு இருக்கும் நிலையில் ஒருவரின் அந்தரங்கத்தைக் குடைந்து இவ்வளவு நேரத்தை வீணடிக்கிறீர்களே என்று அவர் டொனஹ்யூவையே சாடினார். அரங்கம் கைதட்டியது. சில நாட்களில், அதே மாதத்திலேயே, கிளிண்டனையும் போட்டி வேட்பாளர் ஜெர்ரி பிரௌனையும் ஒரு மேஜையில் உட்காரவைத்து, அறிமுகம் செய்துவிட்டு வாய் திறக்காமல் ஒதுங்கிக்கொண்டார் டொனஹ்யூ. இருவரும் தாங்களாகவே பேசிக்கொண்டார்கள். அந்தத் தேர்தலின் மிகக் கண்ணியமான விவாதங்களில் அது ஒன்று.

தொண்ணூறுகளின் மத்தியில் நிலையங்கள் ஒவ்வொன்றாக அவரைக் கைவிட்டன. நிகழ்ச்சி தயாரான நியூயார்க்கிலேயே அது ஒளிபரப்பாகாத நிலை வந்தது. 1996ல், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பிறகு விடைபெற்றார். வருத்தமான விஷயம்தான்; அநியாயம் என்று சொல்ல முடியாது. ரேட்டிங்கில் வாழ்ந்தவர் ரேட்டிங்கில் போனார்.

இரண்டாவது கதை அப்படியல்ல. 2002 ஜூலையில், 66 வயதில், எம்.எஸ்.என்.பி.சி. செய்திச் சேனல் அவரை இரவு எட்டு மணிக்கு அழைத்து வந்தது. ஈராக் மீது யுத்தம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் முரசறைந்த நேரம். அதைக் கேள்வி கேட்டவர்களில் டொனஹ்யூவும் ஒருவர். யுத்த எதிர்ப்பாளர் ஒருவரை அழைத்தால் ஆதரவாளர் இருவரை உட்காரவைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கணக்கில் நான் ஒருவனே இரண்டு லிபரலுக்குச் சமம் என்று நினைத்தார்கள் போலும் என்பார் பின்னாளில். 2003 பிப்ரவரி 25ல் நிகழ்ச்சி ரத்து. மூன்று வாரத்தில் பாக்தாத்தில் குண்டு விழ ஆரம்பித்தது.

ரேட்டிங் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஃபாக்ஸ் சேனலின் பில் ஓ'ரைலியோடு ஒப்பிட்டால் அவருக்குக் கூட்டம் குறைவுதான். ஆனால் எம்.எஸ்.என்.பி.சி.யில் அந்தச் சமயம் மிக அதிகம் பேர் பார்த்தது டொனஹ்யூவை. கசிந்த உள்சுற்று அறிக்கை ஒன்று சங்கதியைப் போட்டு உடைத்தது: யுத்த காலத்தில் இவர் என்.பி.சி.க்குச் சங்கடமான முகமாக இருப்பார். போட்டிச் சேனல்கள் கொடி அசைத்துக்கொண்டிருக்கும்போது இவர் நிகழ்ச்சி யுத்த எதிர்ப்பாளர்களின் கூடாரமாகிவிடும். அன்றைக்கு என்.பி.சி.யின் சொந்தக்காரர் ஜெனரல் எலெக்ட்ரிக். போர் விமானங்களுக்கு எஞ்சின் செய்யும் கம்பெனி. முதலாளி யார் என்பதைப் பற்றி அந்த அறிக்கை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. ஈராக்கில் பேரழிவு ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை என்று உறுதியான பிறகும் யாரும் டொனஹ்யூவைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ஆனால் இந்த முறை மனிதர் விற்பனைப் பிரதிநிதி வேலைக்குப் போகவில்லை. ரால்ஃப் நேடரோடு ராணுவ மருத்துவமனை ஒன்றுக்குப் போனபோது டோமாஸ் யங் என்ற 24 வயது சிப்பாயைப் பார்த்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த இரண்டாம் நாள் ராணுவத்தில் சேரப் பெயர் கொடுத்தவன். ஆப்கானிஸ்தானுக்கு என்று நினைத்திருந்தவனை ஈராக்குக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் தோட்டா முதுகுத்தண்டைத் துளைத்தது. மார்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. டொனஹ்யூ சொந்தப் பணத்தைப் போட்டு, எலன் ஸ்பைரோவோடு சேர்ந்து இவனைப் பற்றி எடுத்த 'பாடி ஆஃப் வார்' டாக்குமெண்டரி 2007ல் வெளிவந்தது. சிறுநீர்க் குழாய் பொருத்துவதிலிருந்து உடைந்துபோகும் மண வாழ்க்கை வரை யங் எதையும் மறைக்கவில்லை. நடுநடுவே 2002 அக்டோபரில் யுத்தத்துக்கு அனுமதி தந்த செனட் வாக்கெடுப்பு, ஒவ்வொரு பெயராக வருகிறது. ஆதரித்து 77 ஓட்டு, எதிர்த்து 23.

யங் 2014ல் இறந்துபோனான். படத்தின் கடைசிப் பகுதியில் அவன் சக்கர நாற்காலியில், எதிர்த்து ஓட்டுப்போட்ட செனட்டர் ராபர்ட் பேர்டின் அலுவலகத்துக்குப் போகிறான். பேர்டுக்கு அப்போது கிட்டத்தட்ட 90 வயது. கிழவரும் பையனும் மேஜை அருகே அமர்ந்து, அந்த 23 பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கிறார்கள்.